பட்டம் பெற்ற பிறகு ஊருக்குச் செய்வது: வேலூர்க் கல்லூரிகளின் முன்னாள் மாணவர்களும் சமூகப் பணியும்

வேலூரில் கல்லூரிப் படிப்பை முடித்தவர்களில் பலர், படிக்கும் காலத்தில் ஏதேனும் ஒரு கிராமத்துக்குச் சென்று கோயில் வளாகத்தைக் கூட்டியிருப்பார்கள். ஏரிக்கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டியிருப்பார்கள். அல்லது கண் பரிசோதனை முகாமில் வந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்திருப்பார்கள். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தின்படி, அதில் சேர்ந்த மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமிலும் கலந்துகொள்ள வேண்டும். அதாவது, படிக்கும் வரையில் சமூகப் பணிக்கென்று ஒரு திட்ட அலுவலர், ஒரு கிராமம், ஒரு வருகைப் பதிவேடு, முடிவில் ஒரு சான்றிதழ் ஆகிய நான்கும் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. பட்டமளிப்பு விழாவுக்கு மறுநாள் இவற்றில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கிராமம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு வேறு ஐம்பது மாணவர்கள் வந்து அதே கோயில் வளாகத்தைக் கூட்டுகிறார்கள்.

முன்னாள் மாணவர்கள் ஊர்ப்பணியில் ஈடுபட வேண்டும் என்று சங்கக் கூட்டங்களில் பேசாதவர்கள் இல்லை. ஆனால் வேலூரைப் பொறுத்தவரையில் குறை மனத்திலோ வாய்ப்பிலோ இருப்பதாகத் தோன்றவில்லை. வருகிறவரை ஏற்றுக்கொண்டு, இன்ன நாளில் இன்ன வேலை என்று ஒப்படைத்து, அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஆள் இல்லாததே குறை. கீழே சொல்லப்படும் வாய்ப்புகள் ஒவ்வொன்றையும் இந்த அளவுகோலை வைத்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்த முன்னாள் மாணவர்?

பழைய வடஆர்க்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது; அதில் வேலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதி 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. இன்று மிஞ்சியுள்ள சிறிய வேலூர் மாவட்டத்துக்குள், அதன் அளவுக்குப் பொருந்தாத எண்ணிக்கையில் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. 1898-இல் தொடங்கிய ஊரீசு கல்லூரி, 1954-இல் காட்பாடியில் தொடங்கிய ஆக்சிலியம் மகளிர் கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, டி.கே.எம். மகளிர் கல்லூரி, பாகாயத்தில் தந்தை பெரியார் பெயரிலுள்ள அரசுப் பொறியியல் நிறுவனம், காட்பாடி அரசு சட்டக் கல்லூரி, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, 1984-இல் வேலூர்ப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வி.ஐ.டி., 2002-இல் உருவாகிச் சேர்க்காட்டில் இயங்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் எனப் பட்டியல் நீளும்.

இவற்றின் முன்னாள் மாணவர்கள் அனைவரையும் ஒரே கூட்டமாக எண்ணுவதில்தான் முதல் பிழை நேர்கிறது. வி.ஐ.டி.யில் படித்தவர்களில் மிகப் பலர் வெளி மாநிலங்களிலிருந்து வந்து, நான்கு ஆண்டுகள் விடுதியில் இருந்து, பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ வெளிநாட்டுக்கோ சென்றுவிடுகிறவர்கள். அவர்களுக்கு வேலூர் என்பது பெரும்பாலும் காட்பாடி ரயில் நிலையமும் கல்லூரி வாயிலும் இவற்றுக்கு இடையிலுள்ள சாலையுந்தான். அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முத்துரங்கம் கல்லூரியிலோ டி.கே.எம்.மிலோ படித்தவர் அணைக்கட்டிலிருந்தோ கண்ணமங்கலத்திலிருந்தோ பேருந்தில் வந்து படித்தவர். படித்து முடித்தபின் பள்ளி ஆசிரியராகவும், நீதிமன்ற எழுத்தராகவும், கூட்டுறவு வங்கி ஊழியராகவும், தனியார் நிறுவனக் கணக்கராகவும் சுற்றுவட்டாரத்திலேயே இருப்பவர். திருமணமாகிக் குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ குடியேறி, பட்டம் பெற்றும் வேலைக்குப் போகாத பெண்கள் இந்த இரண்டாம் வகையில் ஏராளம். முன்னாள் மாணவர் சங்கங்கள் வெளிநாடு சென்றவரை மேடையில் உட்கார வைக்கின்றன. வாரந்தோறும் மாலை ஐந்து மணிக்கு ஒரு பள்ளிக்கு வந்து நிற்கக்கூடியவரோ, அழைப்பிதழே கிடைக்காமல் இரண்டு தெரு தள்ளி வசிக்கிறார்.

இது வெறும் ஊகமன்று. கொரோனாக் காலத்தில் ஏற்பட்ட கற்றல் இடைவெளியை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இதை மாநில அளவில் காட்டியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்குக் கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும், ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குப் பட்டமும் தகுதியாக வைக்கப்பட்டன. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. முன்வந்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அதே ஊரில், அதே தெருவில் வாழும் படித்த பெண்கள். ஆயிரம் ரூபாய்க்காக வந்தார்கள் என்று சிலர் சொன்னதுண்டு. மாதம் முழுவதும் மாலைப் பொழுதைக் கொடுப்பதற்கு அந்தத் தொகை ஈடாகாது என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். வீட்டுக்கு அருகில் பணி, குறித்த நேரம், கையில் பாடப்பொருள், பொறுப்பாக ஓர் ஒருங்கிணைப்பாளர் என்பனவே அவர்களை வரவழைத்தன.

சங்கங்கள் பணத்தை மட்டும் எண்ணுவது ஏன்?

பெரும்பாலான முன்னாள் மாணவர் சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டவை. ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகிகள் பட்டியல் ஆகியவற்றோடு சட்டக் கடமை முடிந்துவிடும். இவற்றைப் பதிவு செய்ய வைத்த பெரிய உந்துதல் தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவான நாக்கிடமிருந்து வந்தது. 2017-இல் திருத்தப்பட்ட அதன் மதிப்பீட்டு முறையில் ஐந்தாம் அளவுகோல் மாணவர் ஆதரவும் முன்னேற்றமும். அதற்குள் ஓர் உட்பிரிவு முன்னாள் மாணவர் பங்களிப்பு. சங்கம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, என்ன வகையில் உதவியது என்று அது கேட்கிறது. பல்கலைக்கழகங்களுக்கான படிவம், ஐந்து ஆண்டுகளில் முன்னாள் மாணவர்கள் அளித்த தொகை எத்தனை லட்சம் என்றும் கேட்கிறது. தொகையை எண்ணில் எழுதிவிடலாம். ஒரு வேதியியல் பட்டதாரி மூன்று ஆண்டுகள் விடாமல் சனிக்கிழமை மாலைகளில் ஆதிதிராவிடர் நல விடுதியில் கணக்குச் சொல்லிக் கொடுத்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது? விவரக் குறிப்பில் ஒரு வரியாக எழுதலாம். மதிப்பெண்ணாக மாற்றுவது கடினம்.

அதனால் சங்கங்கள் பொருளாகக் கொடுப்பதை நாடுகின்றன. வெள்ளி விழா கொண்டாடும் ஒரு பேட்ச், வாட்ஸ்அப் குழுவில் நிதி திரட்டி, தத்தெடுத்த பள்ளிக்கு ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வாங்கித் தருகிறது. பெயர் பொறித்த பலகை, பொன்னாடை, குழுப் படம், மதிய உணவு. நகரைச் சுற்றியுள்ள பல இடங்களில் நிலத்தடி நீரில் உப்பு மிகுதி. ஆதலால் இயந்திரத்தின் சவ்வு விரைவில் அடைத்துக்கொள்கிறது. அதை மாற்ற யாரிடம் பணம் இருக்கிறது, யார் ஆளை அழைப்பது என்பது அன்றைய விழாவில் பேசப்படுவதில்லை. இப்படி நின்றுபோன இயந்திரங்களை அரசுப் பள்ளிகளில் பார்த்தவர்கள் உண்டு. பராமரிப்புக்கான தொகையையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும் ஒருவரின் கைப்பேசி எண்ணையும் சேர்த்துக் கொடுக்காத நன்கொடை பாதி நன்கொடைதான் என்பது என் கருத்து.

பள்ளியும் விடுதியும்

வாய்ப்புகள் மிகுந்த இடம் அரசுப் பள்ளிதான். 2024-இல் மாநிலம் முழுவதும் மறுகட்டமைப்புச் செய்யப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் அந்தந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. கல்லூரியின் முன்னாள் மாணவர் என்ற அடையாளத்துக்கு முன்பே ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பள்ளியின் முன்னாள் மாணவராக இருப்பதால், இந்தக் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. நிதியளிக்க விரும்புவோருக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற அரசு ஏற்பாடு உள்ளது. பணம் எந்தப் பள்ளியின் எந்தப் பணிக்குச் செல்கிறது என்பதைக் கொடுத்தவர் பின்தொடர முடியும்.

ஆயினும் பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு ஒன்று ஆண்டுதோறும் மே மாதம் முதல் ஆகஸ்டு வரை தெரிகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தவுடன், குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை என்னென்ன செய்ய வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். பொறியியலுக்கு ஓர் இணையதளம், அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு வேறோர் இணையதளம், இரண்டுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையம், பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று நகரும் கோப்பு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதே நிபந்தனையை நிறைவு செய்யும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அதற்கான சான்றைப் பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பழைய பள்ளியிலிருந்தும் வாங்க வேண்டும். விருப்பப் பட்டியலில் கல்லூரிகளை எந்த வரிசையில் நிரப்புவது என்பது தனிக் கலை. அங்கே செய்யும் ஒரு தவறு, நல்ல மதிப்பெண் பெற்றவரையும் விரும்பாத படிப்பில் கொண்டுபோய் விடுகிறது.

இந்த வேலைக்குப் பேராசிரியர் தேவையில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே வழியில் நடந்த ஒருவர் போதும். அரசு நடத்தும் கல்லூரிக் கனவு, உயர்வுக்குப் படி முகாம்கள் நூற்றுக்கணக்கானோரை ஒரே அரங்கில் உட்கார வைத்துச் சொல்லித் தருகின்றன. முகாம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு எழும் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு தனி மனிதர் வேண்டும். ஒரு முன்னாள் மாணவர் ஐந்து பிள்ளைகளுக்கு மட்டும், மே முதல் ஆகஸ்டு வரை, கைப்பேசியில் கிடைக்கும் நிலையில் இருந்தால் போதுமானது. வெளியூரில் வாழ்பவரும் இதைச் செய்ய முடியும். மாவட்டந்தோறும் அரசுப் பள்ளியில் முதலிடம் பெறும் ஒரு மாணவருக்கும் ஒரு மாணவிக்கும் இலவசக் கல்வி தரும் வி.ஐ.டி.யின் ஸ்டார்ஸ் திட்டத்தில் படித்து வந்தவர்கள் இந்தப் பணிக்கு மிகப் பொருத்தமானவர்கள். கிராமத்து அரசுப் பள்ளியிலிருந்து ஆங்கிலம் மட்டுமே ஒலிக்கும் வகுப்பறைக்குள் நுழையும் முதல் பருவத்தின் கலக்கத்தை அவர்கள் அறிந்திருப்பதைப் போல வேறு யாரும் அறியார்.

விடுதிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 முதல் சமூக நீதி விடுதிகள் எனப்படும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளிலும் மாலை ஆறு முதல் எட்டு வரை பிள்ளைகள் படிப்பதற்கென்றே உட்கார்ந்திருக்கிறார்கள். பாடத்தில் ஐயம் கேட்க ஆள் இல்லை. கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தர ஒருவர் வாரம் இருமுறை வந்தால் பெரும் மாற்றம் ஏற்படும். இதற்கு மாவட்ட நல அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும். காப்பாளரிடம் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு நுழைவது முறையன்று. பிள்ளைகளோடு தனியே இருக்கும் பணி என்பதால், இருவராகச் செல்வது, திறந்த கூடத்தில் கற்பிப்பது, பிள்ளைகளின் படத்தைப் பொதுவில் பகிராதிருப்பது ஆகியவற்றை முன்கூட்டியே எழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்தது தெரிய வந்தால் அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது தன்னார்வலருக்கும் கட்டாயக் கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவர் கையில் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் தயங்கிப் பின்வாங்குபவர்கள் உண்டு. அவர்கள் பின்வாங்குவதே நல்லது.

மருத்துவ நகரில் மருத்துவர் அல்லாதவரின் பணி

சி.எம்.சி.யின் கதையில் சமூகப் பணியைப் பற்றிய பாடம் ஒன்று இருக்கிறது. அதை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையகத்தைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். அதைவிட நம் பொருளுக்கு நெருக்கமானது, குடியாத்தம் சாலையில் அவர் நடத்திய சாலையோர மருத்துவம். வாரத்தில் குறித்த நாளில், குறித்த மரத்தடியில் வண்டி நிற்கும் என்பது சுற்றுக் கிராமங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நோயாளிகள் முன்பே வந்து காத்திருந்தார்கள். எப்போது வருவார் என்று தெரியாத பெரிய மருத்துவரைவிட, தவறாமல் வரும் சிறிய வண்டி பயன்பட்டது. பிற்காலத்தில் கணியம்பாடி ஒன்றியத்தில் பாகாயத்தை மையமாகக் கொண்ட சாட் என்ற சமூக நலப் பிரிவும், 1977-இல் கே.வி.குப்பத்தில் தொடங்கிய ரூசா என்ற கிராமப்புறப் பிரிவும் இதே ஒழுங்கைக் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வழியே நிலைநிறுத்தின. சி.எம்.சி. மாணவர்கள் படிப்பை முடித்ததும் தம்மைப் பரிந்துரைத்த அமைப்பின் மருத்துவமனைகளில் இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்ற கடப்பாடும் உண்டு. முன்னாள் மாணவரின் தொண்டு அங்கே விருப்பத்துக்கு விடப்படாமல் சேர்க்கையின்போதே பேசி முடிக்கப்படுகிறது. பிற கல்லூரிகள் இதை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் இறுதியாண்டிலேயே, விரும்புவோரிடம் ஓர் உறுதியைக் கேட்டு வாங்குவதற்குத் தடை ஒன்றும் இல்லை.

மருத்துவம் படிக்காத முன்னாள் மாணவர் இந்த நகரில் செய்யக்கூடிய மிகத் தெளிவான உதவி இரத்தம் தருவது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை 1986 முதல் செய்துவரும் சி.எம்.சி. மருத்துவமனை இங்கே இருப்பதால், இரத்தப் புற்றுநோயாளிகளும் தலசீமியா நோயுள்ள குழந்தைகளும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படும் தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. ஆகவே ஒரு தலைவரின் பிறந்தநாளன்று முந்நூறு பேர் வரிசையில் நின்று கொடுப்பதைக் காட்டிலும், அதே முந்நூறு பேர் ஆண்டு முழுவதும் பிரிந்து நின்று, அழைத்தபோது வருவது பயன் தரும். 18 முதல் 65 வயது வரை, 45 கிலோ எடைக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்கு மேல் உள்ளவர்கள் கொடுக்கலாம்; ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளியும் பெண்களுக்கு நான்கு மாத இடைவெளியும் தேவை. தட்டணுக்களை மட்டும் பிரித்தெடுக்கும் முறையில் இடைவெளி இன்னும் குறைவு. முன்னாள் மாணவர் சங்கத்திடம் முகவரியும் கைப்பேசி எண்ணும் ஏற்கெனவே இருக்கின்றன. இரத்த வகையையும் கடைசியாகக் கொடுத்த தேதியையும் சேர்த்துக்கொண்டால் அது கொடையாளர் பட்டியலாகிவிடும். இவ்வளவு எளிய காரியத்தைப் பல சங்கங்கள் இன்னும் செய்யாமலிருப்பது வியப்புக்குரியது.

மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் நோயாளிக் குடும்பங்களைக் காந்தி சாலையிலும் தோட்டப்பாளையத்திலும் எந்த நேரமும் காணலாம். அங்கே கடைப் பலகைகளில் வங்காள எழுத்தே இருக்கிறது. மொழி தெரியாமல், தங்குமிடத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்று அறியாமல், இடைத்தரகரிடம் சிக்கும் குடும்பங்கள் உண்டு. இந்தியோ வங்காளமோ அறிந்த முன்னாள் மாணவர், உரிய மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவிடம் கேட்டு, வழிகாட்டும் வேலையை ஏற்கலாம். மருத்துவ ஆலோசனை சொல்வதும், நோயாளியின் விவரத்தை வெளியே பேசுவதும் கூடாது என்ற எல்லையை அவர் மீறக் கூடாது. ரூசா கிராமங்களில் முதியோருக்கான பகல்நேர மையங்களை நடத்துகிறது. பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட ஊர்களில் முதியவரோடு அமர்ந்து பேசுவதும், ஓய்வூதியப் படிவத்தை நிரப்பித் தருவதும் கூட ஒரு பட்டதாரி செய்யத் தக்க பணிகளே.

மலையும் ஆறும்

அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகள் ஜவ்வாது மலைத்தொடரைச் சேர்ந்தவை. மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர்கள். 2023-இல் அல்லேரி மலைப்பகுதியில் பாம்பு கடித்த ஒரு குழந்தையைச் சாலை இல்லாமையால் உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க முடியாமல் போனது மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. சாலை போடுவது அரசின் வேலை. முன்னாள் மாணவர் சங்கம் அதைச் செய்ய முடியாது, செய்வதாகச் சொல்லவும் கூடாது. கடிவாயைக் கீறாமல், இறுகக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதை ஊர்தோறும் சொல்லித் தரச் செவிலியர் படிப்பு முடித்தவர்களால் முடியும். சாதிச் சான்றுக்கு வழிகாட்டச் சட்டம் படித்தவர்களால் முடியும். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் இன்றும் ‘வடஆர்க்காடு மாவட்டம்’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. மாவட்டம் வரைபடத்திலிருந்து மறைந்து பல ஆண்டுகளாகியும் பட்டியலில் நீங்கவில்லை. சட்டக் கல்லூரியின் முன்னாள் மாணவர்களுக்கும் பிற பட்டதாரிகளுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் பணி முறையான ஒரு வாயில். பயிற்சி, அடையாள அட்டை, பணி நாளுக்குச் சிறு மதிப்பூதியம் ஆகியவை உண்டு. 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணைப் பீடி சுற்றும் பெண்களிடமும் செங்கல் சூளைத் தொழிலாளர்களிடமும் கொண்டுசேர்ப்பதே அங்கே பாதி வேலை.

பாலாற்றைப் பொறுத்தவரையில் வேலூருக்குப் பெருமைப்படத்தக்க முன்னுதாரணம் உண்டு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. ஊர்க்காரர்கள் தரவுகளோடு சென்றதால் அது நடந்தது. இன்றும் வேதியியலும் தாவரவியலும் படித்தவர்கள், தத்தம் ஊர்க் கிணறுகளில் மாதம் ஒருமுறை நீர்மட்டத்தையும் உப்பளவையும் குறித்து வைத்தால், ஐந்தாண்டில் அது அரசு அலுவலகத்தில் காட்டத்தக்க ஆவணமாகும். கணியம்பாடிப் பக்கத்தில் நாகநதிப் படுகையில் நூறு நாள் வேலைப் பெண்கள் உறை கிணறுகள் இறக்கி நிலத்தடி நீரை மீட்ட பணிக்கு, இப்படிப் பல ஆண்டுக் குறிப்பு எடுப்பவர்களே இயல்பான துணை. மரக்கன்று நடும் விழாக்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல், மே மாத வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவு செய்த பிறகு நடலாம்.

1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்த கோட்டைக்குள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று விளக்கும் பணி, வரலாறு படித்தவர்களுக்கு எளிதும் இனியதும் ஆகும்.

தொலைவில் இருப்பவர்கள்

வெளிநாட்டில் வாழும் முன்னாள் மாணவர்கள் பணம் அனுப்பும்போது ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே தருவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தருவது, அவர் வேலூரில் பிறந்தவரே ஆனாலும், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரும். பெறும் அமைப்புக்கு அந்தச் சட்டப்படியான பதிவும், 2020 திருத்தத்துக்குப் பின் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கும் இருக்க வேண்டும். சிறிய சங்கங்கள் இதை அறியாமல் வாங்கிப் போட்டுக்கொண்டு பின்னர் இடர்ப்படும். உள்நாட்டில் வருமான வரிச் சலுகை வேண்டுவோர், 80ஜி சான்று உள்ள அமைப்புக்கு வங்கி வழியே தர வேண்டும்; 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சலுகை கிடையாது.

சி.எம்.சி.க்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நெடுங்காலமாக ஆதரவு அமைப்புகள் இருக்கின்றன. பிற கல்லூரிகளின் வெளிநாட்டுக் கிளைகள் அவற்றைப் பார்த்துப் பணம் திரட்டக் கற்றுக்கொள்வதற்கு முன், வேலூரில் யாரிடம் கேட்டு எந்தத் தேவைக்கு அனுப்புகிறார்கள் என்பதைக் கற்றுக்கொள்ளலாம்.

நடைமுறையில் எங்கே தொடங்குவது?

ஒரு கல்லூரி இதைச் செய்ய விரும்பினால், புதிய கட்டமைப்பு எதுவும் தேவையில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தின் பழைய முகாம் கிராமங்களின் பட்டியல் திட்ட அலுவலரிடம் இருக்கிறது. கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்க 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளிடம் தலா ஐந்து கிராமங்களின் வீட்டுக் கணக்கெடுப்பும் இருக்கும். திட்ட அலுவலர் மாறும்போது கிராமத்துக்கும் கல்லூரிக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுவது வழக்கம்; பத்து ஆண்டுகளுக்கு முன் அங்கே முகாமிட்ட மாணவர்களில், இன்று அரை மணி நேரத் தொலைவில் வாழும் நான்கு பேரைக் கண்டுபிடித்து, அந்தக் கிராமத்தின் பொறுப்பை அவர்களிடம் விடலாம். ஒருவருக்குத் திருமணமோ இடமாற்றமோ வந்தாலும் மூவர் மிஞ்சுவார்கள். மாதம் ஒரு நாள், மாறாத ஒரு கிழமை, ஊரில் ஒரு தொடர்பாளர், ஒரு பக்கக் குறிப்பேடு ஆகியவை போதும். தேவை எது என்பதைச் சங்கத்தின் செயற்குழுவில் முடிவு செய்யாமல் கிராம சபையில் கேட்டுக்கொள்ளலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் எல்லா ஊராட்சிகளிலும் அது கூடுகிறது. தீர்மானம் போடுவதும் வாக்களிப்பதும் அவ்வூர் வாக்காளர்களின் உரிமை என்பதால், வெளியூர்க்காரர் தலைவரிடம் முன்பே சொல்லிவிட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். கல்வி, விடுதி தொடர்பான வேலைகளுக்கு அக்டோபர் வரை காத்திருந்தால் பாதி ஆண்டு போய்விடும். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரையோ காப்பாளரையோ பார்த்து, அனுமதிக் கடிதத்துக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.